தொட்டபெட்டாவில் தோற்ற பந்தயம்: ஆனைமுடி பற்றித் தெரிந்தவர்கள் வாருங்கள்

#1 பந்தயக்காரன் (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். தொட்டபெட்டா உச்சியில் நின்றுகொண்டு, "தென்னிந்தியாவிலேயே இதுதான் உயரமான மலை, பார்த்துக்கோ" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஏழாவது படிக்கிறாள். "இல்லப்பா, ஆனைமுடி" என்றாள். இரண்டு பிளேட் மிளகாய் பஜ்ஜி பந்தயம். கைபேசியை எடுத்துப் பார்த்தேன், தோற்றேன்.

பஜ்ஜிக்குப் போன காசு பரவாயில்லை. மூணாறுக்கு இதுவரை நாலு தடவை போயிருக்கிறேன். அங்கே நின்றுகொண்டே அந்த மலை எது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறேனே, அதுதான் உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு உயரம்? மேலே ஏற விடுவார்களா? முதலில் ஏறியது யார்? அங்கே காஷ்மீர் மாதிரி பனி கொட்டுமா? என் மகளின் அடுத்த பந்தயத்துக்கு முன்னால் நான் தயாராக வேண்டும்.

#2 வரைபடவாத்தியார் (தேனி)

முதலில் மகளுக்கு இன்னொரு பிளேட் வாங்கிக் கொடுங்கள். முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவன் சொல்கிறேன், இந்தக் கேள்வியில் தப்பு செய்த பெரியவர்கள் ஏராளம்.

ஆனைமுடி 2,695 மீட்டர். அடிக்கணக்கில் 8,842. கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா, மூணாறுக்கு வடக்கே இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637. வித்தியாசம் 58 மீட்டர்தான், ஒரு பெரிய கோயில் கோபுரத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இன்னொருவரும் உட்கார்ந்திருக்கிறார்: மூணாறுக்குக் கிழக்கே உள்ள மீசைப்புலிமலை, 2,640. மூன்றே மீட்டரில் தொட்டபெட்டாவைப் பின்னால் தள்ளிவிட்டது. தமிழ்நாட்டுக்குள் உயரமானது எது என்று கேட்டிருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். பந்தயம் கட்டும்போது கேள்வியைச் சரியாகக் கட்ட வேண்டும்.

வகுப்பில் நான் சொல்வது இதுதான். ஆனைமுடி ஒரு முடிச்சு. வடக்கே ஆனைமலை, வடகிழக்கே பழனிமலை, தெற்கே ஏலமலை என்று மூன்று தொடர்கள் அங்கிருந்து பிரிகின்றன. இடது கையை விரித்து மேசையில் வைத்து, மூன்று விரலும் சேரும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்பேன். பரீட்சையில் யாரும் மறந்ததில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. மலையின் உயரம் வேறு, அது சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு தனியாக எழும்பி நிற்கிறது என்பது வேறு. ஆனைமுடியில் நின்று, அதைவிட உயரமான ஒரு மலைக்குத் தரைவழியாகவே போக வேண்டும் என்றால் இமயம் பக்கம்தான் போக வேண்டும். எந்த வழியில் போனாலும், எவ்வளவு மேடாகப் பார்த்துப் போனாலும், நடுவில் ஓரிடத்தில் கடல்மட்டத்திலிருந்து 216 மீட்டர் உயரத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். 2,695-ல் 216 போக மீதி 2,479. அந்த 2,479 மீட்டரும் ஆனைமுடி தானாக எழுந்து நிற்கும் உயரம்.

#3 சும்மாவந்தவன்

> தென்னிந்தியாவிலேயே

தென்னிந்தியா என்ன வாத்தியாரே, இமயமலைக்கு வெளியே இந்தியாவிலேயே இதுதான் உயரம் என்று எல்லா சுற்றுலாத் தளத்திலும் போட்டிருக்கிறதே?

#4 வரைபடவாத்தியார் (தேனி)

போட்டிருக்கிறார்கள். நாகாலாந்து, மியான்மர் எல்லையில் சாரமதி என்று ஒரு சிகரம் இருக்கிறது, 3,800 மீட்டருக்கு மேல். அது இமயத்தின் நேர்தொடர் அல்ல, கிழக்கே மியான்மர் எல்லையோடு இறங்கும் மலைகளில் சேர்ந்தது. அதையும் இமயத்தின் வால் என்று சேர்த்துக்கொண்டால்தான் நீங்கள் சொல்வது நிற்கும். எதற்கு வம்பு, "தீபகற்ப இந்தியாவில் உயரமானது" என்று சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது.

#5 லயத்துப்பிள்ளை (திருப்பூர்)

இந்த இழையைப் பார்த்ததும் உள்நுழைந்து எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது அந்த மலைக்குக் கீழே ஓர் எஸ்டேட் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). பாட்டி கொழுந்து எடுத்தவர், அம்மாவும். நான் பனியன் கம்பெனிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

ஆனைமுடி என்றால் கூர்மையான சிகரம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அது கூர் இல்லை. பெரிய பாறைத் திண்டு. ஒரு பக்கம் செங்குத்தாக வழுக்கி இறங்கும், மேலே வழவழவென்று வளைந்திருக்கும். கீழிருந்து பார்த்தால் யானை படுத்துக்கொண்டு நெற்றியை மட்டும் காட்டுகிற மாதிரி. அதனால்தான் அந்தப் பேர். மழை விட்ட கையோடு வெயில் அடித்தால் பாறை முழுவதும் நனைந்து கன்னங்கரேல் என்று மின்னும், அப்போது பார்த்தால் குளித்துவிட்டு வந்த யானையேதான்.

ஏற விடுவார்களா என்று கேட்டீர்கள் அண்ணே. சாதாரணமாக விடமாட்டார்கள். சுற்றுலா வருகிறவர்களை வனத்துறை வண்டியில் ராஜமலை வரை கூட்டிப் போவார்கள், அங்கிருந்து தார் ரோட்டில் கொஞ்சம் நடக்கலாம், வரையாடு பார்க்கலாம், அவ்வளவுதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதுவும் கிடையாது. வரையாடு குட்டி போடும் காலம், பூங்காவையே சாத்திவிடுவார்கள். தெரியாமல் கோடை விடுமுறை என்று மார்ச்சிலேயே வந்து வாசலில் சண்டை போடுகிறவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

பனி பற்றி அப்புறம் எழுதுகிறேன், ஷிப்டு மணி அடித்துவிட்டது.

#6 பந்தயக்காரன் (கோவை)

> பனி பற்றி அப்புறம் எழுதுகிறேன்

காத்திருக்கிறேன் தம்பி. ஜனவரி வந்தால் "மூணாறில் பனிப்பொழிவு" என்று வாட்ஸப்பில் வெள்ளைவெளேர் படம் வருகிறதே, அது நிஜமா?

#7 லயத்துப்பிள்ளை (திருப்பூர்)

படம் நிஜம், தலைப்பு பொய். வானத்திலிருந்து கொட்டுகிற பனி அங்கே இல்லை. அது உறைபனி. தரையிலேயே உருவாவது.

எங்கள் லயத்தில் எப்படித் தெரியும் என்றால், டிசம்பர் கடைசியில் இரண்டு நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு மேகம் இருக்காது, ஒரு காற்று இருக்காது, நட்சத்திரம் கைக்கு எட்டும். பாட்டி சாயங்காலமே சொல்லிவிடுவார், "இன்னிக்கு ராத்திரி வெள்ளை போடும்" என்று. வாசலில் குண்டாவில் வைத்த தண்ணீரின் மேல் காலையில் கண்ணாடி ஏடு மாதிரி படிந்திருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதை முழுசாக உரித்து எடுக்கப் பந்தயம் கட்டுவோம். புல் எல்லாம் உப்புத் தூவின மாதிரி, மிதித்தால் மொறுக்கென்று உடையும்.

உங்களுக்கு அது அழகு. எங்களுக்கு வயிற்றெரிச்சல். ஏழு மணிக்கு வெயில் வந்து அந்த வெள்ளை உருகி, பத்து மணிக்கெல்லாம் தேயிலைக் கொழுந்து கருகி வறுத்த இலை மாதிரி நிற்கும். பள்ளத்தில் இருக்கிற காடுதான் முதலில் போகும். மேட்டில் இருக்கிற காடு பச்சையாகவே நிற்கும். அப்புறம் வாரக்கணக்கில் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லை என்றால் கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் காசும் இல்லை. (எஸ்டேட்டில் 'காடு' என்றால் தேயிலைத் தோட்டம். மலைக்காடு என்று நினைத்துவிடாதீர்கள்.)

#8 வரைபடவாத்தியார் (தேனி)

பள்ளம் முதலில் கருகுவதற்குக் காரணம் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் போய், தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆளுயரத்தில் காற்று 3 டிகிரி காட்டும்போதே புல்நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மேகம் ஒரு போர்வை. அது இருந்தால் உறைபனி இல்லை.

நிஜப் பனி ஏன் கொட்டுவதில்லை என்றால், இடம் 10 டிகிரி வட அட்சத்தில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கோவை 411 மீட்டரில் இருக்கிறது, ஆனைமுடி 2,284 மீட்டர் அதற்கு மேலே. அதாவது கோவையைவிடப் பதினைந்து டிகிரி குறைவு. காந்திபுரத்தில் 30 என்றால் அங்கே 15. மேகம் திரண்டு நிற்கிற மழைக்காலத்தில் அந்த உயரத்திலும் பூஜ்யத்துக்குப் போவதில்லை. பூஜ்யத்துக்குப் போகும் தை மாதத்தில் மேகமே இல்லை. குளிரும் ஈரமும் ஒன்றை ஒன்று சந்திப்பதே இல்லை.

உபரியாக ஒன்று. உச்சியில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது.

#9 லயத்துப்பிள்ளை (திருப்பூர்)

உச்சி வரைக்கும் போக வேண்டாம் ஐயா, லயத்திலேயே வேகாது. கல்யாணமாகி ராஜபாளையத்திலிருந்து வந்த என் அத்தை முதல் நாள் சாம்பார் வைத்தபோது பருப்பு தனியாகத் தண்ணீர் தனியாக நின்றது, இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

#10 அமராவதிக்கரை (உடுமலை)

மலையைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள், அதிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் ஒரு கரும்பு விவசாயி. அணைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று ஜூன் மாதம் முழுக்கத் தெற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

ஆனைமுடியின் மேற்குச் சரிவில் விழும் மழை பெரியாற்றுக்குப் போய், கொச்சி பக்கம் அரபிக்கடலில் கலக்கும். கிழக்குச் சரிவில் விழுவது பாம்பாறு. அது மறையூர் வழியாக இறங்கி, சின்னார் காட்டில் தூவானம் அருவியாக விழுந்து, சின்னாறு, தேனாறு எல்லாம் சேர்ந்து எங்கள் அமராவதி அணைக்கு வருகிறது. அமராவதி கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியில் சேர்கிறது. சங்கப் பாட்டில் வரும் ஆன்பொருநை இதுதான். ஒரே முகட்டில் இரண்டு சாண் தள்ளி விழுந்த இரண்டு மழைத்துளியில் ஒன்று அரபிக்கடலுக்கும் ஒன்று வங்காள விரிகுடாவுக்கும் போகும்.

நாங்கள் ஆனைமுடியை முன்பக்கமாகப் பார்த்ததே இல்லை. அதன் முதுகுதான் எங்களுக்கு.

ஒன்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜூலை மாதம் உடுமலையிலிருந்து மூணாறு ரோட்டில் பைக்கில் போங்கள். சின்னாரில் முள்ளுக்காடு, கள்ளி, வெயில் மண்டையைப் பிளக்கும். மறையூரில் சந்தன மரமும் கரும்பும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையும். தூறல்கூட இருக்காது. அதற்கு மேலே ஏற ஏற ஒரு வளைவு தாண்டியதும் முகத்தில் ஈரக்காற்று அடிக்கும். தலையார் பக்கம் போவதற்குள் ரெயின்கோட் போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு நாடு.

#11 வரைபடவாத்தியார் (தேனி)

அருமையாகச் சொன்னீர்கள். ஆனைமுடிக்கும் மறையூருக்கும் நேர்கோட்டில் பதினாறு கிலோமீட்டர்தான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இந்தச் சுவரில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, வைத்திருந்ததை எல்லாம் மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று காய்ந்த காற்று. மறையூர், காந்தலூர் உள்ள அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்குக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். கேரளத்துக்குள் இருந்தாலும் தமிழ்நாட்டுப் பருவம்.

#12 சும்மாவந்தவன்

வரலாறு யாரும் தொடவில்லை. நானே ஆரம்பிக்கிறேன். மூணாறு மலைக்கு முதலில் வந்த வெள்ளைக்காரர் ஆர்தர் வெல்லெஸ்லி, 1790-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில். பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவரேதான். ஓட்டல் அறையில் வைத்திருந்த புத்தகத்தில் படித்தேன்.

#13 போடிமெட்டு

ஓட்டல் அறையில் இருக்கிற புத்தகம் ஓட்டலுக்கு வாடிக்கையாளர் பிடிக்க அச்சடித்தது. வெல்லெஸ்லி இந்தியாவுக்கு வந்ததே 1797-ல். 1790-ல் அவர் டப்ளினில் ஒரு பிரபுவின் உதவி ராணுவ அதிகாரியாக இருந்தார். அந்தக் கதை எப்படியோ முளைத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, இன்று எல்லா இடத்திலும் இருக்கிறது.

பதிவில் இருக்கும் முதல் ஏற்றம் 1862 மே 4. மதராஸ் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன். வேட்டைக்காரர், நன்றாக வரையவும் செய்வார், ஆனைமலை பழனிமலைகளைப் படம் படமாக வரைந்து வைத்தவர். "முதலில் ஏறியவர்" என்று இவர் பேரைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்த மலைகளில் முதுவர்கள் என்ற பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் ஏறியதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். முதுவர் பேசுவது ஒருவகைத் தமிழ். மதுரையை விட்டு வரும்போது மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள்.

அடுத்தது மன்றோ. ஜான் டேனியல் மன்றோ 1877-ல் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்தார். வருடத்துக்கு 3,000 ரூபாய். ஏக்கருக்கு எத்தனை பைசா வருகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கண்ணன் தேவன் என்பது அவருக்கு வழிகாட்டிய இரண்டு முதுவர்களின் பேர் என்று சொல்வார்கள். மலை போய்விட்டது, பேர் மட்டும் டீத்தூள் பாக்கெட்டில் நிற்கிறது.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. தேயிலை கப்பலேறப் போன வழி போடிதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு குட்டி ரயில் ஓடியது, 1908 முதல். டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பி வழியில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் இறங்கும், அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி. என் தாத்தாவின் அப்பா அந்த வண்டி ஓட்டியவர். அரிசி மேலே ஏறும், தேயிலை கீழே இறங்கும் என்பார்களாம்.

1924 ஜூலையில் பெய்த மழையில் அந்த ரயில் ஒரேயடியாகப் போய்விட்டது. மலையாளக் கணக்கில் 1099, அதனால் கேரளத்தில் இன்னும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்றுதான் சொல்வார்கள். தண்டவாளம், பாலம், ஆலுவாவிலிருந்து வந்த பழைய ரோடு, எல்லாம் போனது. ரயிலை மறுபடி போடவே இல்லை.

#14 சும்மாவந்தவன்

வெல்லெஸ்லி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். முதுவர் தமிழ், லயத்தில் தமிழ், அஞ்சுநாட்டில் தமிழ், போடி வழியாகத்தான் வியாபாரம். அப்படி இருந்தும் 1956-ல் தேவிகுளம் பீர்மேடு எப்படிக் கேரளத்துக்குப் போனது? ஆனைமுடி நம்முடையதாக இருந்திருக்க வேண்டியதுதானே?

#15 போடிமெட்டு

அதற்காகப் போராட்டம் நடந்தது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் கிடைத்தன, தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. இதைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது...

#16 நெறியாளர்

நிறைய இருக்கும், தெரியும். எல்லைப் பிரச்சினைக்குத் தனி இழை ஏற்கெனவே 340 பதிவோடு பூட்டப்பட்டுக் கிடக்கிறது. இங்கே மலையோடு நிறுத்திக்கொள்வோம்.

#17 குறிஞ்சித்தேடி

நான் தாவரவியல் முடித்தவள், புல்வெளிகளில் களப்பணிக்குப் போயிருக்கிறேன். ஆனைமுடியைப் பார்த்த எல்லாரும் கேட்கும் கேள்வியை இங்கே இன்னும் யாரும் கேட்கவில்லை: இவ்வளவு மழை கொட்டும் இடத்தில் மலை ஏன் மொட்டையாக இருக்கிறது?

மொட்டை இல்லை, புல். மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு, குட்டை குட்டையாக, தலை சீவி வெட்டின மாதிரி. சோலை முடிகிற இடத்தில் ஒரே அடியில் புல் ஆரம்பித்துவிடும். மரம் வெட்டியதால் இப்படி ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். நீலகிரிச் சதுப்புகளில் படிந்த மட்கைத் தோண்டி ஆராய்ந்ததில், மனிதன் கோடாரி எடுப்பதற்குப் பல ஆயிரம் வருடம் முன்பே இந்த மலைகளில் புல்வெளி இருந்தது தெரிய வந்திருக்கிறது.

காரணங்களில் ஒன்று, லயத்துப்பிள்ளை சொன்ன அதே உறைபனி. சோலை மரங்களின் கன்றுகள் வெப்பமண்டலக் குணம் கொண்டவை, உறைபனி தாங்காது. சோலைக்குள் மேலே இலைக்கூரை இருப்பதால் சூடு வெளியேறாது, கன்று பிழைக்கும். அதே விதை நாலடி தள்ளிப் புல்லில் விழுந்து முளைத்தால் முதல் மார்கழியில் கருகும். காற்று, ஆழமில்லாத மண், காட்டுத்தீ என்று வேறு காரணங்களும் உண்டு, எது எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் உறைபனியை யாரும் தள்ளிவிடுவதில்லை.

இந்தப் புல்லை "சும்மா கிடக்கிற நிலம்" என்று நினைத்து மற்ற மலைகளில் சீகையும் (வாட்டில் மரம்) யூகலிப்டஸும் நட்டுத் தள்ளினார்கள். இரவிகுளம் தப்பியதற்குக் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. தோட்டத் துரைமார்களுக்கு வேட்டைக்கு இடம் வேண்டியிருந்தது, 1928-லேயே சங்கம் வைத்து அந்த மேட்டுநிலத்தைப் பாதுகாத்தார்கள். 1971 சட்டத்தில் நிலம் அரசுக்கு வந்தது, 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். வேட்டையாடுவதற்காகக் காத்தது கடைசியில் வரையாட்டுக்கே வீடாகிவிட்டது. 2025-ல் இரண்டு மாநிலமும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,600-க்கு மேல் வரையாடு, அதில் இரவிகுளத்தில் மட்டும் 800-க்கு மேல். நம் மாநில விலங்கின் மிகப் பெரிய கூட்டம் பக்கத்து மாநிலத்தில் மேய்கிறது. (நெறியாளர் மன்னிக்கவும், இது எல்லைப் பிரச்சினை இல்லை.)

குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும்: 1982, 1994, 2006, 2018. முதுவர்கள் குறிஞ்சி பூத்ததை வைத்து வயது சொல்வார்கள். 2018-ல் நான் போனபோது ஆகஸ்ட் வெள்ளம். பூக்க வேண்டிய நேரத்தில் விடாமல் மழை, வெயில் வந்து செப்டம்பரில் பூத்தபோது ரோடெல்லாம் பெயர்ந்து கிடந்தது. அடுத்தது 2030. எனக்கு அப்போது முப்பத்தெட்டு.

கடைசியாக, உங்கள் மகளுக்கு ஒரு பந்தயச் சரக்கு. ஆனைமுடி உச்சியை ஒட்டி ஒரு தவளை இருக்கிறது. கட்டைவிரல் அளவு, செக்கச் செவேல் என்று ஆரஞ்சு நிறம், உடம்பெல்லாம் பொரிப் பொரியாகச் சுரப்பிகள். 2010-ல்தான் அறிவியலுக்குத் தெரிய வந்தது. அதைக் கண்டுபிடித்துப் பேர் வைத்தபோது அது வாழ்வதாகத் தெரிந்த மொத்த இடம் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. புலியைவிட அரிது. மரத்தில் ஏறும் தவளை வகையைச் சேர்ந்தது, ஆனால் மரமில்லாத இடத்தில் புல்தூருக்குள் குடியிருக்கிறது.

#18 பந்தயக்காரன் (கோவை)

தவளையை இன்று ராத்திரியே பிரயோகிக்கிறேன். இவ்வளவு ஈரமும் மழையும் என்றால் மண் சரியாதா? கீழே லயங்கள் இருக்கின்றனவே.

#19 லயத்துப்பிள்ளை (திருப்பூர்)

சரிந்தது அண்ணே. 2020 ஆகஸ்ட் 6, பெட்டிமுடி. ராஜமலைக்கு அந்தப் பக்கம். அன்று ஒரு நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. திருப்பூருக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழை அது. ராத்திரி பதினொரு மணி வாக்கில் மேலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி லயங்களை மூடிவிட்டது. 70 பேர். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் போனவர்கள்.

என்னோடு ஐந்தாவது வரை படித்த ஒருவன் அங்கே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க அவன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

#20 அமராவதிக்கரை (உடுமலை)

தம்பி, அந்த வருடம் எங்கள் அணை ஆகஸ்டிலேயே நிறைந்தது. நாங்கள் பூத்தூவி வரவேற்றோம். இப்போது படிக்கும்போது என்னவோ போல இருக்கிறது.

#21 வரைபடவாத்தியார் (தேனி)

மண்சரிவு பற்றி ஒன்று மட்டும். மலையின் உடம்பு கெட்டியானது. நைஸ், கிரானைட், சார்னோக்கைட் என்ற பாறை வகைகள், கோடிக்கணக்கான வருடப் பழசு. இமயமலை எழும்புவதற்கு எத்தனையோ கோடி வருடம் முன்னாலேயே இறுகிப்போன பாறை. சுமார் ஒன்பது கோடி வருடத்துக்கு முன் மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தபோது இந்த மேற்கு விளிம்பு செங்குத்தாக நின்றுவிட்டது. (சார்னோக்கைட் என்ற பேர் கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது, அந்தக் கல் போனது நம் பல்லாவரத்திலிருந்து.) பாறை அசையாது. அசைவது அதன் மேல் போர்த்திய மண். அடியில் வழுவழுப்பான பாறை, மேலே சில மீட்டர் மண், அதற்குள் தாங்க முடியாத அளவு தண்ணீர். எண்ணெய் தடவிய தட்டில் களி வழுக்குகிற மாதிரிதான்.

லயத்துப்பிள்ளை, உங்கள் நண்பர்?

#22 லயத்துப்பிள்ளை (திருப்பூர்)

அவன் அன்று சவாரிக்கு அடிமாலி போனவன், மழையால் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டான் ஐயா. உயிரோடு இருக்கிறான். ஜீப் ஓட்டுவதை மட்டும் விட்டுவிட்டான்.

#23 பந்தயக்காரன் (கோவை)

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. தவளைப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன், ஆனால் "அப்போ அதோட தலைப்பிரட்டை எங்கே இருக்கும்?" என்று எதிர்க்கேள்வி வந்து மாட்டிக்கொண்டேன். குறிஞ்சித்தேடி அம்மா, உதவி தேவை.

இன்னொரு விஷயம். பழைய ஆல்பத்தைத் துழாவினேன். ராஜமலையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. முன்னால் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையாக மகள், பக்கத்தில் ரோட்டோரச் சுவரில் ஒரு வரையாடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு பெரிய மலை. இணைத்திருக்கிறேன். இதுதானே ஆனைமுடி? அப்படியானால் நான் பார்த்திருக்கிறேன்!

#24 குறிஞ்சித்தேடி

தலைப்பிரட்டை கிடையாது அண்ணா. அந்த இனத்தில் முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். புல்தூரின் அடியில் முட்டையிடும், குளம் குட்டை எதுவும் வேண்டாம். இந்த முறையும் ஜெயிப்பீர்கள்.

#25 லயத்துப்பிள்ளை (திருப்பூர்)

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அண்ணே. பின்னால் தெரிகிற மலை ஆனைமுடி இல்லை, அது பக்கத்துக் குன்று. அதற்கு வலது பக்கம், அண்ணியின் தோளுக்கு மேலே, மேகம் அடைத்து வெறும் வெள்ளையாக இருக்கிறதே?

அதற்குள்ளேதான் இருக்கிறது.